மடிநோய் வந்த மாட்டுக்கு இரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

மடிநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரத்தம் தேவையில்லை, அதற்குப் பாலே போதும். நாலு காம்பிலும் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரளை திரளையாகவோ வெறும் தண்ணியாகவோ வந்தால் சந்தேகமே வேண்டாம். இரத்தம் சொல்வது வேறு விஷயம்: நோய் மடியோடு நிற்கிறதா, உடம்பு முழுக்கப் பரவிவிட்டதா என்று.

இது ஏன் முக்கியம் என்றால், திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் எங்கே போனாலும் கன்று போட்ட மாடு எழும்பாமல் படுத்துவிட்டால், கல்சியக் குறைவு என்று நினைத்து "கல்சியம் ஏத்துங்கோ" என்பதுதான் முதல் பேச்சு. ஈ.கோலை கிருமியால் வரும் கடும் மடிநோயும் மாட்டை அப்படியே படுக்க வைக்கும், அதிலும் இரத்தக் கல்சியம் குறையும். ஆனால் கிருமி நஞ்சு ஏறிய மாட்டுக்கு நரம்பில் வேகமாகக் கல்சியம் ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். அதனால் படுத்த மாட்டுக்கு எதைச் செய்யுமுன்னும் மடியைத் தொட்டு, நாலு காம்பையும் பீச்சிப் பாருங்கள்.

சரி, இரத்தம் எடுப்பது. மிருக வைத்தியர்தான் எடுக்க வேண்டும், அதுவும் சேலைனோ கல்சியமோ ஏற்றுவதற்கு முன். வாலடி நரம்போ கழுத்து நரம்போ நல்லது. வயிற்றின் கீழே தடிப்பாகத் தெரியும் பால் நரம்பு வேண்டாம், மடியைச் சுற்றி வந்த இரத்தத்தில் குளுக்கோஸ் அளவே மாறிவிடும், வீக்கமும் வரும்.

கல்சியம், புரதம் போன்றவை பார்க்கச் சிவப்பு மூடிக் குழாய், இரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடி. ஊதாவில் எடுத்ததைச் சிவப்பில் ஊற்றவே கூடாது: ஊதாவில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்டுள்ள ஈடிடிஏ மருந்து கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தையும் கூட்டிக் காட்டும், சும்மா நின்ற மாடும் ரிப்போர்ட்டில் சாகக் கிடக்கும்.

சிவப்புக் குழாயை நிழலில் நிமிர்த்தி அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள், இரத்தம் உறையட்டும். அப்புறம்தான் ஐஸ் பெட்டி, அதிலும் ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி. கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் காலத்தில் மோட்டார் சைக்கிள் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால் சிவப்பணு உடைந்து, ஏஎஸ்டி, எல்டிஎச் என்ற இரண்டு நொதிகளும் பொய்யாகக் கூடும். உறைந்த இரத்தத்திலிருந்து பிரிந்த நீர், அதாவது சீரம், வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும், செம்மை தட்டினால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் வெள்ளையணுவைத்தான் தேடுகிறார்கள். மாட்டுக்கு அது மைக்ரோலீற்றருக்கு ஏறக்குறைய 4,000 முதல் 12,000 வரை. கூடினால்தான் கிருமி என்று நினைக்கிறோம், ஆனால் ஈ.கோலை மடிநோயின் ஆரம்பத்தில் அணுக்களெல்லாம் மடிக்கு ஓடிவிடுவதால் இரத்தத்தில் எண்ணிக்கை விழுந்துவிடும். 4,000க்குக் கீழே கண்டால் நிம்மதி அடையாதீர்கள், அது ஆபத்தின் அடையாளம்.

கல்சியம் 100 மில்லிலீற்றருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும், கடும் நோயில் இறங்கும். தீனி தின்னாத மாட்டில் பொட்டாசியமும் இறங்கும். இரும்பு, துத்தநாகம் குறைவது கிருமிக்குக் கிடைக்காமல் உடம்பே ஒளித்து வைப்பது, அதைப் பார்த்து இரும்பு ஊசி போடப் போகாதீர்கள். இரத்தப் புரதங்களில் அல்புமின் குறைந்து குளோபுலின் கூடியிருந்தால் நோய் பழையது, அந்தக் காம்பு பல மாதமாகவே கெட்டிருக்கலாம். ஹப்டோகுளோபின் என்ற இன்னொரு புரதம் நல்ல மாட்டில் இருப்பதே தெரியாது, மடிநோயில் பல மடங்கு கூடும், ஆனால் கருப்பைப் புண்ணிலும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஏஎஸ்டி கூடியிருந்தால் மாடு எவ்வளவு நேரம் படுத்திருந்தது என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள், நெரிபட்ட தசையிலிருந்தும் அது வரும்.

மாதிரியோடு ஒரு தாளில் கன்று போட்ட திகதி, எந்தக் காம்பு, கொடுத்த மருந்து எல்லாம் எழுதிவிடுங்கள். ரிப்போர்ட் வரும்வரை வைத்தியத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். மாடு சோர்ந்து, மடி சுட்டு, பால் தண்ணியாக வந்தால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.