ஃபில்லர் ஊசியா? கம்பெனி பெயரைக் கடைசியில் கேளுங்கள்

தை பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும்தான். அதற்கு முன்னாடியே "ஜூவிடெர்ம் நல்லதா, ரெஸ்டிலேன் நல்லதா" என்று சொந்தக்காரப் பெண்கள் எனக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள், நான் ஒரு தடவை போட்டுக் கெடுத்துக்கொண்டவள் என்பதால். ஃபில்லர் என்றால் முகத்தில் பள்ளம் நிரப்பவும் எடுப்பாக்கவும் ஊசியில் ஏற்றுகிற ஜெல், இவை இரண்டும் அதன் பிராண்டுகள். ஆனால் கேள்வியே தப்பு. ஒவ்வொரு பெயருக்குள்ளும் இளக்கமானது, கெட்டியானது என்று பல ஜெல் உண்டு: ஜூவிடெர்மிலேயே வொலூமா கன்னத்துக்கு, வோல்பெல்லா உதட்டுக்கு. முகத்தில் எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்த ஜெல்லில் இருக்கும் ஹயலூரானிக் அமிலம் நம் தோலிலேயே இருப்பதுதான், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியே ஏற்றினால் சில நாளில் கரைந்துவிடும் என்பதால் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். நம் பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பூச்சு கரகரவென்று இருக்கும், மேலே வரவர நைசாக அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்ப்பார்கள். அடிப்பூச்சுக் கலவையை மேலே இழுத்தால் சுவர் என்னத்துக்கு ஆகும்? கன்ன எலும்பு, மோவாய், தாடையில் எலும்பை ஒட்டி ஆழத்தில் வைப்பார்கள், அங்கே தூக்கி நிறுத்துகிற கெட்டி ஜெல் வேண்டும். உதடு ஓயாமல் அசைகிற இடம், அதற்கு வளைந்து கொடுக்கிற இளக்கமான ஜெல் வேண்டும். இந்தக் கெட்டித்தன்மையை 'ஜி பிரைம்' என்பார்கள். டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், பதில் வருகிற விதத்திலேயே ஆள் தேறுவாரா என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்குக் கீழேதான் நான் மாட்டினேன். அங்கே தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதிகம் தண்ணீர் இழுக்காத ஜெல்லாக, கொஞ்சமாக, ஆழத்தில் வைக்க வேண்டும். எனக்கு மேலாக வைத்துவிட்டார்கள். ரூம் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை, வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், காலை வெளிச்சத்தில் உட்கார்ந்தபோது கண்ணடியில் நீலமாக ஒரு கோடு. அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, ராத்திரி தூங்கலையா?" என்றார்கள். வெளிச்சம் ஜெல்லில் பட்டுச் சிதறுவதால் வரும் நீலம் அது, டிண்டால் விளைவு என்று பெயர். பவுடர் போட்டு மறைக்க முடியாது.

நல்லவேளை, இதைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஹயலூரானிக் ஃபில்லரை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணமே அதுதான். அது கிளினிக்கில் கைவசம் இல்லை என்றால், "சரி, அப்புறம் வர்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். தேனீ கொட்டி அலர்ஜி ஆனவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போடுபவர் தோல் டாக்டராகவோ பிளாஸ்டிக் சர்ஜனாகவோ இருக்கட்டும். பார்லரில் வேண்டவே வேண்டாம். ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் தள்ளுகிற 'ஹயலூரான் பேனா' பக்கமும் போகாதீர்கள்.

மூக்கும் புருவ நடுவும் ஆபத்தான இடங்கள். ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் செத்துப்போகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். போட்ட இடம் வெளுத்தால், வலைப்பின்னல் மாதிரி திட்டுத்திட்டாக நிறம் மாறினால், வலி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. காரைக்குடியிலிருந்து நாம் ஊசி போடப் போகிற மதுரையும் திருச்சியும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதனால் காலையில் போட்டுக்கொண்டு அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள். சாயங்காலம் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவது வேண்டாத வேலை.

ஃபில்லர் பெட்டியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கர் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், நாளைக்குக் கரைக்கப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஒரு சிரிஞ்ச் பெரும்பாலும் 1 மில்லி, டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் தடவை அதற்கு மேல் தள்ளினால் மறுத்துவிடுங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து 6 முதல் 18 மாதம் வரை நிற்கும்.

கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால், முகத்தில் சீழ்க்கட்டி இருந்தால் தள்ளிப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கமும் கன்றிப்போனதும் வடிய இரண்டு வாரம் ஆகலாம், எனவே விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது உத்தமம்.