ஜிம்மி கார்ட்டரைப் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்காவின் 39ஆவது அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நல்ல மனுஷன், பக்திமான், ஆனால் அரசியலுக்கு லாயக்கில்லாதவர்" என்று பலர் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இந்த ஒற்றை வரியை ஒதுக்கி வைத்தால்தான் கடமை, அரசியல், மதம் பற்றி அவர் நினைத்தது கண்ணில் படும்.

பக்திமான் என்றதுமே மதத்தை ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. கார்ட்டர், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அரசு வேறு, திருச்சபை வேறு என்பது பாப்டிஸ்டுகளின் பழைய கொள்கை. அரசு ஆதரித்த சபைகளிடம் சிறுபான்மையாக அடிபட்ட காலத்தில் அவர்கள் கற்றது. அதிபராக இருந்தபோதும் வாஷிங்டனில் தன் தேவாலயத்துக்குப் போய் ஞாயிறு வகுப்பு எடுத்தவர் அவர். ஆனால் ஆட்சியில் பதவிப் பிரமாணத்தைத்தான் அளவுகோலாக வைத்தார். கருக்கலைப்பைப் பாருங்கள். அவர் மனசுக்கு அது ஒப்பாதது. ஆனாலும் பெண்களுக்கு அந்த உரிமையைத் தந்த 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மதித்து நடப்பது தன் கடமை என்றார். அதேசமயம் ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு மத்திய அரசு பணம் தருவதை எதிர்த்தார். இரண்டு தரப்புக்கும் அவர்மேல் கோபம். இதைத் தடுமாற்றம் என்று சிலர் சொல்வார்கள். பணம் பற்றிய அவர் முடிவு ஏழைகளுக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் தன் நம்பிக்கையைச் சட்டமாக்கி ஊர்மேல் திணிக்காமல் நின்றதை மதிக்கிறேன்.

கிறிஸ்தவ வலதுசாரிகள் கடைசிவரை அவர் பக்கம் இருந்தார்கள் என்று நினைப்பதும் தவறு. 1976 அதிபர் தேர்தலில் தங்களில் ஒருவர் என்று பலர் வாக்களித்தது உண்மை. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ வலதுசாரி அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த அணி கார்ட்டரை எதிர்த்து நின்ற ரீகனுக்காக வேலை செய்தது.

அப்புறம், 1979 ஜூலை 15 அன்று தொலைக்காட்சியில் அவர் ஆற்றிய உரை. அதை 'மலேஸ் உரை' என்கிறார்கள்; 'மலேஸ்' என்றால் மனச்சோர்வு. அமெரிக்கர்களைச் சோர்ந்துபோனவர்கள் என்று திட்டினார், அதனால் தோற்றார் என்று கதை ஓடுகிறது. உரையைப் படித்தால் 'மலேஸ்' என்ற சொல்லே அதில் இல்லை. எரிபொருள் தட்டுப்பாட்டைப் பேச வந்தவர், பொருள் சேர்ப்பதையே வழிபாடாக்கிவிட்டோம் என்று பிரசங்கம்போலப் பேசினார். அப்போது அவருக்கு ஆதரவு கூடவே செய்தது. இரண்டே நாளில் அமைச்சரவை முழுவதையும் ராஜினாமா செய்யச் சொன்னார். மக்கள் கலங்கியது அதற்குப் பிறகுதான்.

அவரைப் புனிதராக்குவதும் சரியில்லை. 1970இல் ஜார்ஜியா ஆளுநர் தேர்தலில் நிறப் பிரிவினையை விரும்பிய வெள்ளையரின் வாக்குகளைக் குறிவைத்துத்தான் பிரசாரம் செய்தார். வென்றதும், 1971 ஜனவரியில் பதவியேற்பு உரையிலேயே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று அறிவித்தார். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பாவம் நிறைந்த உலகில் நீதியை நிலைநாட்டுவதே அரசியலின் சோகமான கடமை என்ற கருத்தை இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபுரின் பெயரில்தான் அவர் சொல்லிவந்தார். அதைக் கார்ட்டரின் சொந்த வரியாக்கிப் பகிராதீர்கள்.

கடைசியாக, 2000ஆம் ஆண்டு அவர் மதத்தை விட்டார் என்ற செய்தி. அவர் விலகியது தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய அமைப்பிலிருந்து. மனைவி கணவனுக்குப் பணிய வேண்டும், பெண்கள் போதகராகக் கூடாது என்று அது எடுத்த நிலையை அவரால் ஏற்க முடியவில்லை. சொந்த ஊரான ப்ளெயின்ஸில், மரநாதா பாப்டிஸ்ட் தேவாலயத்தில், 90 வயதைத் தாண்டியும் அவர் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.