‘அறை’ ‘அரை’ ஆனால் எப்படிச் சொல்வது?

கன்னியாகுமரியில் ஒரு விடுதி வாசலில் ‘அரை வாடகைக்குக் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தது. தங்கும் அறைக்குப் பெரிய ற வேண்டும். சின்ன ர போட்டால் பாதி வாடகை என்றாகிவிடும். நாலு பேர் நிற்கும்போதே அதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். உரிமையாளர் முகம் வாடிப்போனது, பலகையும் மாறவில்லை. கூட்டத்தில் சொன்னதுதான் என் தவறு. அப்புறம் ஒருநாள் தனியாகப் போய், “அண்ணாச்சி, போர்டு நல்லா இருக்கு. ஒரே ஒரு எழுத்து மட்டும் பாத்துக்கிடுங்க” என்று துண்டுத்தாளில் சரியான சொல்லை எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே மாற்றிவிட்டார்.

வல்லினம், இடையினம் என்று பாடம் எடுப்பதும் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லச் சொன்னாலே போதும். ர, ற இரண்டையும் பிரித்து ஒலிக்கும் வழக்கம் நம் மாவட்டத்துப் பேச்சில் இன்னும் இருக்கிறது. ‘ஆற்றங்கரை’, ‘வேட்டியில் வாழைக்கறை’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கே வேறுபாட்டைக் காட்டிவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, சரியாக இருப்பதைத் திருத்துவது. ‘விளை விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் ‘விலை’ என்று மாற்றச் சொல்வார்கள். தென்னையும் வாழையும் நிற்கும் தோட்ட நிலம்தான் இங்கே விளை. வாத்தியார்விளை, வள்ளவிளை என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. மேற்குப் பக்கம் ‘குடிக்க வெள்ளம்’ கேட்டால் தண்ணீர்தான் கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த மண் இது. இங்குள்ள சொல்லைப் பிழை என்று நினைக்கும்முன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

சின்னத்துறை விஷயம் அப்படியல்ல, அங்கே திருத்தத்தான் வேண்டும். அது கடலோர ஊர், துறை என்றால் படகு அணையும் இடம். கல்யாணப் பத்திரிகையில் ‘சின்னத்துரை’ என்று அச்சானால் ஊரின் பெயர் ஓர் ஆளின் பெயராகிவிடும். புரூஃப் கையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். அறிஞர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘இறந்த நாள்’ என்பது ‘இரந்த நாள்’ என்று வந்துவிடுவதுண்டு. இரத்தல் என்றால் பிச்சை கேட்பது. துக்க வீட்டில் அதை வாய் திறந்து சொல்லக் கூடாது. பேனர் அடித்த கடைக்குப் போன் போட்டு மெதுவாகச் சொல்லுங்கள். 16-ஆம் நாள் போஸ்டராவது சரியாக வரும்.