வேட்டைக்கான கேமோ உடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கடையில் தொங்கும் கேமோ (சுற்றுப்புறத்தோடு கலந்து ஆளை மறைக்கும் அச்சு) சட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால் எல்லாமே அசத்தலாகத்தான் இருக்கும். இலை, சுள்ளி, மரப்பட்டையின் வெடிப்பு எல்லாம் அச்சில் அப்படியே விழுந்திருக்கும். 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் அந்த அச்சு என்னவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டையை மனத்தில் வைத்து எழுதிய முறை இது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டையைத் தடைசெய்கிறது. ஆனால் மறைவில் உட்கார்ந்து விலங்குகளைப் படமெடுப்பவர்களுக்கும் இதே சோதனை உதவும்.

முதலில் மானின் கண். நிறத்தை அறியும் கூம்புச் செல்கள் நமக்கு 3 வகை, மானுக்கு 2 வகை. சிவப்புக்கான வகை அதற்குக் கிடையாது. நீலம் நன்றாகவே தெரியும். பார்வைக் கூர்மை நம்மைவிடக் குறைவு; அசைவைப் பிடிப்பதில் கெட்டி. அதனால் பச்சையா, பழுப்பா என்ற சர்ச்சையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உடையின் வெளிச்ச அளவு பின்னணியோடு ஒத்துப்போகிறதா, பெரிய திட்டுகள் உடம்பின் கோட்டை உடைக்கின்றனவா என்ற இரண்டும்தான் முக்கியம்.

சந்தையில் இருப்பவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று, காட்டை அச்சாகவே எடுத்து வைப்பது. 1986-இல் தொடங்கிய மோசி ஓக், ரியல்ட்ரீ என்ற இரண்டு அமெரிக்க கேமோ நிறுவனங்களும் இந்த வழியில் பேர் வாங்கியவை. மற்றொன்று, எந்தச் செடியையும் போலிருக்க முயலாமல் உடம்பின் வடிவத்தை வெட்டிப்போடுவது. வெளிர் பழுப்பின் மேல் பழுப்பும் கறுப்புமாகக் கிளைகள் ஓடும் ஏசாட் அச்சு, சிட்கா நிறுவனத்தின் உடைகளில் வரும், சிறு சதுரங்களால் ஆன ஆப்டிஃபேட் அச்சு ஆகியவை இந்த ரகம்.

நெருக்கமான அச்சுக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல மனிதக் கண்ணே 10 மீட்டரில் சுமார் 3 மில்லிமீட்டர், 40 மீட்டரில் சுமார் 12 மில்லிமீட்டர் வரையிலான விவரத்தைத்தான் பிரித்துப் பார்க்கும். அதைவிடச் சிறிய சுள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகிவிடும். அச்சில் கறுப்பு அதிகமிருந்தால் 40 மீட்டரில் ஆள் கறுத்த மூட்டையாகத் தெரிவார். பருத்த அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அதே கறுப்பு உதவும். இலை உதிர்ந்த வெளிச்சக் காட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி சோதனை. ஒப்பிட வேண்டிய 3 உடைகளோடு, எந்த அச்சும் இல்லாத ஆலிவ் நிறச் சட்டை ஒன்றையும் சேருங்கள். அச்சுள்ள உடை இதையே தோற்கடிக்கவில்லை என்றால் அதற்குக் கூடுதல் காசு தண்டம். நான்கும் ஒரே வகைத் துணியாக இருக்கட்டும். வழவழப்பான நைலானில் வரும் பளபளப்பு, அச்சு எவ்வளவு நல்லதானாலும் கெடுத்துவிடும். மாட்டுவதற்கு ஆள் வேண்டாம்; இரண்டு கம்பைச் சிலுவையாகக் கட்டி, பழைய செய்தித்தாள் அடைத்த பொம்மை போதும். பொம்மை அசையாது, படத்துக்குப் படம் உட்காரும் விதம் மாறாது. ஆனால் துப்பாக்கிப் பருவத்தில் (துப்பாக்கியால் வேட்டையாட அனுமதியுள்ள காலத்தில்) பொதுக்காட்டில் இதைச் செய்யவே கூடாது. பருவம் முடிந்தபின் செய்யுங்கள். இலை நிலவரம் மட்டும் வேட்டைக்காலத்தை ஒத்திருக்க வேண்டும்.

செல்போனை முக்காலியில், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். மானின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். 10, 20, 40, 80 மீட்டரில் கயிறு பிடித்து அடையாளம் வையுங்கள். ஜூம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் தானே சமன்செய்வது), போர்ட்ரெய்ட் (பின்னணியை மங்கலாக்குவது) மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரையில் தரையைத் தொட்டு அழுத்தி எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) பூட்டுங்கள். பூட்டாவிட்டால் கறுத்த உடைக்குப் படத்தை வெளிறவும், வெளிர் உடைக்கு இருளவும் செய்து, நாம் அளக்க வந்த வித்தியாசத்தைக் கேமராவே அழித்துவிடும். விடிந்த முதல் ஒரு மணிநேரத்தில் ஒரு தொகுதி, மாலை அடங்கும் நேரத்தில் ஒரு தொகுதி. மான் நடமாடும் வேளை அதுதான். 4 உடை, 4 தூரம், 2 வேளை என்று 32 படம் கிடைக்கும்.

படங்களைக் கணினிக்கு மாற்றி, பட எடிட்டரில் சிவப்புச் சேனலுக்கு (படத்தின் சிவப்பு நிற அடுக்குக்கு) பதிலாகப் பச்சைச் சேனலின் நகலை வையுங்கள். சிவப்பு தெரியாத கண்ணுக்கு இது தோராயமான மாற்று. பிறகு படத்தின் அகலத்தைக் கால்பங்காகக் குறைத்து மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்குங்கள், கூர்மை மழுங்கும். இந்த நிலையிலும் தலையும் தோளும் சேர்ந்த வளைவு கண்ணில் பட்டால் அந்த அச்சு தோற்றது. அடுத்து கறுப்பு வெள்ளையாக்கி, மார்புப் பகுதியின் சராசரி வெளிச்ச மதிப்பையும் (0 முதல் 255 வரை) பொம்மைக்கு இருபுறமும் உள்ள பின்னணியின் சராசரியையும் குறியுங்கள். வித்தியாசம் குறைந்த உடை முன்னிலை. சராசரி ஒத்துப்போய், உடைக்குள் பெரிய வெளிர்த்திட்டும் கருந்திட்டும் தனித்தனியாகத் தெரிந்தால் அதுதான் நல்ல அச்சு. முன்னது மட்டும் போதும் என்றால் ஆலிவ் சட்டையே ஜெயித்துவிடும்.

எண்ணில் நம்பிக்கை வராதவர்கள் ஆட்களை வைத்துப் பார்க்கலாம். 6 அல்லது 8 நண்பர்களுக்குப் படங்களைக் காட்டி, பொம்மையைக் கண்டுபிடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். 30 வினாடிக்குள் கிடைக்காவிட்டால் 30 என்றே எழுதுங்கள். பெரும்பாலும் சோதனை கெடுவது இங்கேதான். பொம்மை எப்போதும் ஒரே மரத்தடியில் இருந்தால் இரண்டாவது படத்திலேயே எல்லோரும் அங்கே பார்ப்பார்கள், கடைசியில் காட்டிய உடை மோசமானதாகிவிடும். இதற்கென்றே தனிப் படங்களை, பொம்மையின் இடத்தை மாற்றி மாற்றி எடுங்கள். காட்டும் வரிசையை ஆளுக்கு ஆள் கலையுங்கள். பொம்மையே இல்லாத படங்கள் நான்கைந்தைச் செருகுங்கள். கூட்டிச் சராசரி எடுக்காமல், வினாடிகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் மேடை கட்டி உட்காருபவர்கள் கீழிருந்து மேலே பார்த்துத் தனியாகப் படமெடுக்க வேண்டும். பின்னணி அங்கே வானம். தரையில் முதலிடம் பிடித்த கறுத்த அச்சு மேலே போனதும் கடைசிக்குப் போவது சகஜம். வெளிர்நிறம் அதிகமுள்ள திறந்த அச்சுகளே அங்கு எடுபடும்.

செல்போன் காட்டாத ஒன்று புற ஊதா. வெண்மை பளிச்சிட வைக்கும் சலவைத்தூளில் உள்ள பொருள் துணியில் ஒட்டி, புற ஊதாவை நீல ஒளியாக்கித் திருப்பி அனுப்பும். மானுக்கு நன்றாகத் தெரிகிற நிறம் அது. இருட்டறையில் 365 நானோமீட்டர் டார்ச்சை உடைமேல் அடியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. தாளைப் போலத் துணியும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதைக் காட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். புதுத்துணியே சில சமயம் ஒளிரும். தையல் நூல், லேபிள், பட்டன் ஓரங்களையும் பாருங்கள்.

துப்பாக்கிப் பருவத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக, கேமோவின் மேல் ஒளிரும் ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமும் அதே நிறத் தொப்பியும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு மானுக்கு நமக்குத் தெரிவதுபோல் எரியாது; ஆனால் உடையாத ஒரே திட்டாகத் தெரியும். ஆகவே அந்த உடுப்பையும் பொம்மைக்கு மாட்டி ஒரு தொகுதி எடுங்கள்.

வான்கோழிக்கு இந்த முடிவுகள் செல்லாது. அது நம்மைவிட அதிக வகை நிறங்களைப் பிரித்தறியும். சிவப்பு மாற்றாத படங்களை வைத்து நிறத்தையே ஒப்பிட வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடையில் எங்குமே தெரியக்கூடாது. ஆண் வான்கோழியின் தலை நிறங்கள் அவை, இன்னொரு வேட்டைக்காரர் உங்களைக் குறிபார்த்துவிடுவார்.

கடைசியாக, நான்கு உடைகளையும் தண்ணீர் தெளித்து நனைத்து 20 மீட்டரில் ஒருமுறை எடுங்கள். நனைந்த துணி கறுக்கும், வரிசை மாறலாம். முகமூடியும் கையுறையும் மாட்டிய படத்தை, மாட்டாத படத்தோடு வைத்துப் பாருங்கள். முதல் நான்கு உடைகளுக்குள் இருந்த வித்தியாசத்தைவிட இது பெரிதாக இருந்தால் சட்டைக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே போடுங்கள்.