தாமானுக்குச் சனிக்கிழமை மடல் எழுதுவது எப்படி

நான் மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். துறைமுகத்தில் 31 வருடம் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாட்சாப்பில் ஒரு மடல் அனுப்புகிறேன். இறப்பு, கல்யாணம், பள்ளிக்கூடம், கோயில், லிஃப்ட், தண்ணீர் எல்லாம் அதில் வரும். கடைசியில் ஊர் அரசியல் பற்றி என் கருத்து இருக்கும். பிறையிலிருந்து ஒருவரும் பாயான் பாருவிலிருந்து ஒரு தங்கச்சியும், தங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், எப்படி என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதை ஏன் தொடங்கினேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் காலையில் முதலில் திறப்பது அதன் மரண அறிவிப்புப் பக்கம்தான். அது நின்ற சில வாரங்களில், இரண்டு மாடி கீழே இருந்த ஒரு பெரியவர் காலமானது எனக்குத் தகனம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவரோடு பல வருடம் ஒரே கோப்பிக் கடையில் உட்கார்ந்தவன் நான். அந்த வாரமே தொடங்கிவிட்டேன்.

முதலில் ஒரு 555 நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். சட்டைப் பையில் அடங்கும். கைப்பேசியை எடுத்துத் தட்டினால் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொள்வார். 555-ல் எழுதினால் இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்வார். இது என் அனுபவம்.

செய்தி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். காலையில் மார்க்கெட், மதியம் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாமார்கள், வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசை, அப்புறம் லிஃப்ட். எங்கள் லிஃப்ட் மெதுவாகப் போகிறது. 11-ஆம் மாடி போவதற்குள் ஒரு குடும்பத்தின் நலமெல்லாம் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டது வேறு, எழுதுவது வேறு. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் மகள் வீட்டைவிட்டுப் போனாள், யாருக்கு ஆலோங் (கந்துவட்டிக்காரர்) தொல்லை என்பதெல்லாம் காதில் விழும். அவை 555-க்குள்ளேகூடப் போகக் கூடாது. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று போட வேண்டுமானால் அவருடைய வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

மடலின் வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். இறப்பு முதலில். அடுத்து பிறப்பு, கல்யாணம். அப்புறம் பள்ளி, கோயில், தண்ணீர், சாலை. கருத்து கடைசியில், 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். அரசியலை மேலே போட்டால் ஒரு கட்சிக்காரர் படிப்பார், இன்னொரு கட்சிக்காரர் மூடிவிடுவார். மூடியவருக்குப் பக்கத்து வீட்டு அம்மா இறந்தது தெரியாமல் போகும்.

இறப்புச் செய்தி எழுதுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடலிலேயே பெரிய பொறுப்பு அதுதான். பெயர், வயது, எந்த மாடி, பிள்ளைகள் பெயர், பூதவுடல் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எங்கே தகனம். ஊரார் அவரை எந்தப் பெயரால் அறிவார்களோ அதையும் சேர்க்க வேண்டும். முறையான பெயரை மட்டும் போட்டால் ‘இது யார்?’ என்று பாதிப் பேர் கேட்பார்கள். ‘அப்பளக்கார ஆயா’ என்று சேர்த்தால் உடனே புரியும். சாதிப் பெயரைப் போடச் சொல்லி யார் கேட்டாலும் நான் போடுவதில்லை. நேரத்தை மூத்த மகனிடமோ ஈமக்கிரியை செய்பவரிடமோ நேரில் அல்லது போனில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இந்த விதி என் தவறிலிருந்து வந்தது. ஒரு முறை கைமாறி வந்த செய்தியை நம்பி, 2 மணி என்பதை 3 மணி என்று போட்டுவிட்டேன். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலிருந்து இறந்தவரின் தங்கை மகன் என் மடலைப் பார்த்து நேரம் கணக்குப் பண்ணி வந்தார். அவர் வந்தபோது வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பத்து லஞ்சாங் என்ற இடத்திலிருக்கும் மின்சுடலைக்கு ஓடினார். அதற்குள் கதவு மூடியாகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மடலின் முதல் வரியில் மன்னிப்புக் கேட்டேன், இறப்புச் செய்திக்கும் மேலே. திருத்தம் எப்போதும் அங்கேதான் வர வேண்டும். கடைசியில் சின்ன எழுத்தில் போடுவது திருத்தம் ஆகாது.

சரி, கருத்துப் பகுதிக்கு வருகிறேன்.

உங்கள் அரசியல் என்ன என்பதை முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லிவிட்டேன். நான் பழமையைப் பேணுகிறவன். குடும்பம், கோயில், தமிழ்ப்பள்ளி, சேமிப்பு, பெரியவர்களுக்கு மரியாதை, அரசருக்கு விசுவாசம், இவை நிலைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன். ஒன்றை இடிக்கும் முன் அதை யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்று கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசைப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அரசாங்கம் கொடுக்குமா என்று கையை நீட்டுவதற்கு முன் நாம் என்ன செய்யலாம் என்று பார்த்த தலைமுறை அது. என் கருத்தெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வாசகருக்கு அது தெரிந்திருந்தால், ஒத்துக்கொள்ளாதவர்கூட நிம்மதியாகப் படிப்பார். மறைத்து வைத்து நடுநிலை பேசினால்தான் சந்தேகம் வரும்.

அடுத்தது, நடந்து போய்ப் பார்க்க முடியாததைப் பற்றிக் கருத்து எழுதாதீர்கள். மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் யார் யாரோடு சேர்கிறார் என்பதை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் புளோக்கின் லிஃப்ட் ஏன் நின்றது என்று எழுத நீங்கள் மட்டும்தான்.

அந்த லிஃப்டையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் மூன்று தடவை நின்றது. கோபத்தில் நான் முதலில் எழுதியது இது: ‘நிர்வாகம் தூங்குகிறது. நம்மை யாரும் மதிப்பதில்லை. ஒய்.பி. எங்கே போனார்?’ (ஒய்.பி. என்றால் எங்கள் மக்கள் பிரதிநிதி.) அனுப்பவில்லை. திங்கட்கிழமை நிர்வாக அலுவலகத்துக்குப் போய்க் கணக்கைக் கேட்டேன். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்கள் பராமரிப்புக் கட்டணமும், அதோடு சேமநிதிக்குத் தனித் தொகையும் (வழக்கமாகக் கட்டணத்தில் 10 விழுக்காடு) கட்ட வேண்டும். லிஃப்ட் மாதிரிப் பெரிய செலவுக்குத்தான் அந்த நிதி. எங்கள் புளோக்கில் பாக்கி வைத்திருந்த வீடுகளின் பட்டியல் இரண்டு பக்கம் போனது. அதில் என் நண்பர்களும் இருந்தார்கள். அந்த வாரம் நான் அனுப்பியது:

‘லிஃப்ட் பழுது பார்க்கச் சேமநிதியில் போதுமான பணம் இல்லை. காரணம், நம் புளோக்கில் பல வீடுகள் கட்டணம் கட்டவில்லை. ஆண்டுக் கூட்டம் வருகிறது. கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன் பாக்கியைத் தீர்க்காதவருக்கு ஓட்டு கிடையாது. கட்டிவிட்டு வாருங்கள், வந்து கேள்வி கேளுங்கள். கட்டியவர்களோடு நானும் நிற்கிறேன்.’

யாருடைய பெயரும் போடவில்லை, எந்த வீட்டு எண்ணும் போடவில்லை. அதுவும் ஒரு விதி. கடன்பட்டவரை அவமானப்படுத்தினால் அவர் கட்ட மாட்டார், மடலையும் படிக்க மாட்டார்.

எந்த விஷயத்தை எடுத்தாலும் மூன்று கேள்வியை 555-ன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதை யார் கட்டினார்? காசு யாருடையது? பத்து வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்? புதிய மண்டபம், புதிய வளைவு, புதிய விளையாட்டுத் திடல் என்று அறிவிப்பு வரும்போது மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அதை மட்டும் கேட்டு எழுதினாலே நல்ல கருத்து ஆகிவிடும்.

பழமை பேணுகிறவர் என்றால் இருப்பதை அப்படியே ஒத்துக்கொள்பவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எங்கள் வடிகால் அடைத்துக்கொண்டபோது, மாநகர் மன்ற உறுப்பினரை யார் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு பையன் கேட்டான். யாரும் இல்லை, மாநில அரசு நியமிக்கிறது என்றேன். அவனால் நம்ப முடியவில்லை. மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் 1951-ல் இதே ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1965-ல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள், 1976 உள்ளாட்சிச் சட்டத்தில் அது முழுசாகப் போனது. நம் பாட்டன்மார் கையில் இருந்த உரிமை அது. பழையதைக் காப்பவன் என்பதால்தான் அதைத் திருப்பிக் கேட்கிறேன் என்று எழுதினேன். இரு தரப்புக் கட்சிக்காரர்களும் போன் பண்ணினார்கள், இருவருக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

தமிழ்ப்பள்ளி விஷயத்திலும் அப்படித்தான். 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இந்த நாட்டின் தமிழ்க்கல்வி வரலாறு கிளம்புகிறது. இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துவார்கள். மேடையில் மொழியைக் காப்போம் என்று முழங்குபவரின் பேச்சை மடலில் போடுவதைவிட, முதலாம் ஆண்டுப் பதிவு எப்போது, விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவருக்கு யார் உதவுவார் என்று போடுங்கள். கருத்து வேண்டுமென்றால் ஒரே வரி: உங்கள் பேரப்பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது?

கோயில் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் உடைக்கும் தேங்காயைக் குறைக்கச் சொல்லிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடமாகக் கேட்டுவருகிறது. நேர்த்திக்கடனை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். ஒரு தேங்காயும் நேர்த்திதான், ஆயிரம் தேங்காயை லாரியில் இறக்குவது பக்கத்துக் கம்பெனியோடு போட்டி என்று எழுதினேன். சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் அடுத்த வருடம் எங்கள் புளோக்கு இளைஞர்கள் தேங்காய்ப் பணத்தில் பாதியை மோர்ப் பந்தலுக்குக் கொடுத்தார்கள்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுங்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேலைக்காகப் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. முன்கூட்டியே நன்றாக அறிவித்திருந்தார்கள், அதைச் சொன்னேன். ஆனால் அந்த வார மடலில் பெரிய செய்தி, தனியாக இருக்கும் முதியவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள், எந்தப் பையன் எந்த வீட்டுக்கு வாளி தூக்குவான் என்ற பட்டியல்தான். அவர்களைக் கேட்டுத்தான் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) ஒருவர் பெயரும் அதில் இருந்தது.

அரசியல்வாதி வந்தால் என்ன சொன்னார், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), எந்தத் தேதிக்குள் என்று 555-ல் எழுதுங்கள். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பக்கத்தைத் திருப்பி, வந்ததா இல்லையா என்று இரண்டு வரி. எந்தக் கட்சியானாலும் அதே அளவுகோல். மடலுக்கு உதவி என்று பணமோ தீபாவளி ஹேம்பரோ (பரிசுக் கூடையோ) வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்கு மாதம் ஆகும் செலவு டேட்டாவுக்கும் கோப்பிக்கும்தான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பிறை நண்பர் அச்சடித்து வீடு வீடாகப் போடலாமா என்றார். 1984 அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இலவசமாகக் கொடுக்கும் செய்தித் தாளுக்கும் பொருந்தும். உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். வாட்சாப்பில் அனுப்பினாலும் 1957 அவதூறுச் சட்டமும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டமும் உண்டு. இனம், சமயம், அரசர் ஆகியவற்றில் யார் மனமும் புண்படும்படி எழுதாதீர்கள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என் எதிர் வீட்டில் சீனர், பக்கத்தில் மலாய்க்காரர், அவசரத்துக்கு முதலில் கதவைத் திறப்பது அவர்கள்தான்.

படிக்கக் கண் தெரியாதவர்களுக்காக மடலை நானே வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன், நாலு நிமிடம். மரணச் செய்தியை மெதுவாக, இரண்டு தடவை வாசிக்க வேண்டும். சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்ட பிப்ரவரி கடைசி, ஆகஸ்டு கடைசி என்ற நினைவூட்டலையும் அந்த மாதங்களில் சேர்த்துவிடுங்கள். பென்சனில் வாழ்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

தொடங்கும்போது உங்கள் மாடி போதும். கதவைத் தட்டி, சம்மதம் கேட்டு, எண்ணை வாங்குங்கள். நான் 12 வீட்டோடு தொடங்கினேன். என் முதல் மடலில் மூன்று செய்திதான் இருந்தது: நாலாம் மாடிப் பெரியவரின் 16-ஆம் நாள் சடங்கு, ஆறாம் மாடியில் பெண் குழந்தை, படிக்கட்டு விளக்கு மூன்று எரியவில்லை. விளக்கைச் செவ்வாய்க்கிழமை மாற்றிவிட்டார்கள்.