பனியன் கம்பெனியில் கரண்டும் துணியும் மிச்சமாக: மேலாண்மை ஆய்வுகளைப் பயன்படுத்துவது எப்படி?

சென்சார், டேஷ்போர்டு, மொபைல் ஆப் என்று திருப்பூரில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளிடம்கூட இப்போது 'பசுமை'த் தொழில்நுட்பம் விற்க வருகிறார்கள். பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யலாம். இதே போன்ற தொழிற்சாலைகளில் ஆய்வாளர்கள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததைப் படித்து, நம் யூனிட்டில் பொருத்திப் பார்க்கலாம். இருபது முப்பது தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு கம்ப்ரசர் உள்ள கம்பெனியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொடங்க ஒரு நோட்டும் எக்செல் ஷீட்டும் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி காட்டும் எண்ணைப் பார்த்து, மறுநாள் காலையில் யாரோ ஒருவர் தன் வேலையை மாற்றிச் செய்தால்தான் மிச்சம் வரும். ஆய்வைப் படிக்கும்போதும் அந்த 'யாரோ' யார் என்று தேடிப் படியுங்கள்.

படி 1: ஒரே ஒரு எண்

கடந்த 12 மாத ஈபி பில்லை எடுத்து, ஒவ்வொரு மாத மின்சார யூனிட்டையும் அந்த மாதம் தைத்த பீஸ் எண்ணிக்கையால் வகுத்து, 100ஆல் பெருக்கி எக்செல்லில் போடுங்கள். '100 பீஸுக்கு எத்தனை யூனிட்' என்பதுதான் உங்கள் எண். மொத்த பில்லை மட்டும் பார்த்தால் ஆர்டர் குறைந்த மாதத்தில் சேமித்துவிட்டதாகத் தோன்றும். துணிக்கும் இப்படியே: 100 கிலோ வெட்டினால் எத்தனை கிலோ கட்டிங் வேஸ்ட்?

இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

படி 2: ஆய்வைப் படிக்கும் விதம்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் தேடினால் பல கட்டுரைகளின் முன்வரைவுகள் இலவசமாகவே கிடைக்கும். முழுதும் படிக்கத் தேவையில்லை. சுருக்கத்தைப் படித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே செய்தார்கள்? யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? தொழிற்சாலையில் யாருடைய வேலை மாறியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத கட்டுரையை ஓரமாக வைத்துவிடலாம்.

பழகிப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. மும்பைக்கு அருகே உள்ள துணி ஆலைகளில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்டது. ஒரு பகுதி ஆலைகளுக்கு ஆலோசகர்கள் ஒரு மாதம் குறைகளைக் கண்டறிந்து சொன்னார்கள், அவ்வளவுதான். இன்னொரு பகுதிக்கு அதற்கு மேல் நான்கு மாதம் கூடவே இருந்து நடைமுறைப்படுத்த உதவினார்கள். குறைபாடுகளைத் தினமும் பதிவது, சரக்கை ஒழுங்காக அடுக்குவது, மெஷினைக் காலத்தில் பராமரிப்பது போன்ற சாதாரண வேலைகள்தான். கூடவே இருந்து உதவிய ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. கம்ப்யூட்டர் பயன்பாடும் அங்கே கூடியது. தினமும் எழுதும் பழக்கம் வந்த இடத்தில் கம்ப்யூட்டருக்கும் வேலை வந்திருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எனவே சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன் நோட்டு எழுதும் பழக்கம் வரட்டும்.

படி 3: கம்ப்ரசரில் தொடங்குங்கள்

காற்றுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது, மெஷின் ஓடும் சத்தத்தில் காதுக்கும் கேட்காது. பராமரிப்பில்லாத இடங்களில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20–30 சதவீதம் கசிந்தே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும்.

ஞாயிற்றுக்கிழமை, அல்லது எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பாருங்கள். காற்றைப் பயன்படுத்தும் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, காற்றுக் குழாயைத் திறந்தே வைத்துக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அவ்வப்போது லோடு ஆகும், அதாவது காற்றை அடைத்து நிரப்பும்; மற்ற நேரம் நிரப்பாமல் சும்மா ஓடுவது அன்லோடு. அந்த நேரத்தில் நிரப்புவதெல்லாம் கசிந்த காற்றைத்தான். லோடில் ஓடிய நேரத்தையும் அன்லோடில் இருந்த நேரத்தையும் ஐந்தாறு சுற்று குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பிஸ்டன் கம்ப்ரசராக இருந்தால் ஓடிய நேரம், நின்ற நேரம்.

கசிவு சதவீதம் = லோடு நேரம் ÷ (லோடு நேரம் + அன்லோடு நேரம்) × 100

உதாரணத்துக்கு, சராசரியாக ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்றால் 1.5 ÷ 6 × 100, அதாவது 25 சதவீதம். பத்துக்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. சோப்பு நீரை மூட்டுகளிலும் ஹோஸ் கிளாம்ப்களிலும் தடவினால் குமிழி வரும் இடம் தெரியும். அப்படியே அழுத்தத்தையும் பாருங்கள். மெஷினுக்கு 6 பார் (காற்றழுத்த அலகு) போதும் என்று கையேட்டில் இருந்து நீங்கள் 7இல் ஓட்டினால், அந்த ஒரு பாரைக் குறைத்தாலே கம்ப்ரசரின் மின்சாரத்தில் சுமார் 6–7 சதவீதம் மிச்சம்.

டிஜிட்டல் மீட்டர் வேண்டுமென்றால் முதலில் இந்தக் கம்ப்ரசருக்கு மட்டும் ஒன்று மாட்டுங்கள், உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனைக் கொண்டு. தினமும் ஷிப்ட் முடிந்ததும் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். பெயரைச் சொல்லிக் கொடுங்கள். 'யாராவது போடுங்கப்பா' என்றால் நாலாவது நாள் நின்றுவிடும்.

படி 4: இதனால் யாருக்கு நஷ்டம்?

என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியமான படி. பாகிஸ்தானின் சியால்கோட் கால்பந்து தயாரிப்புக்குப் பேர் போன ஊர். அங்கே பொருளியலாளர் டேவிட் அட்கின் குழுவினர், ரெக்சின் ஷீட்டிலிருந்து ஐங்கோணத் துண்டுகளைக் குறைந்த வேஸ்ட்டில் வெட்டும் புதிய அச்சை உருவாக்கி 35 கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். முதலாளிக்குத் தெளிவான லாபம். ஆனாலும் 15 மாதம் கழித்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு சிலரே.

காரணம் பீஸ் ரேட், அதாவது வெட்டும் துண்டுகளின் எண்ணிக்கைக்குக் கூலி. புது அச்சு பழகும் வரை வெட்டுபவருக்கு வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும், மிச்சமாகும் ரெக்சினோ முதலாளிக்குப் போகும். அதனால் 'இது சரிப்படாது' என்று தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டத்தில், புது முறையைச் செய்துகாட்டும் தொழிலாளருக்கு ஒரு மாதச் சம்பள அளவு தொகை தருவதாக ஆய்வாளர்கள் சொன்னதும் கூடுதல் கம்பெனிகள் அந்த அச்சை எடுத்துக்கொண்டன.

திருப்பூருக்கு இது அப்படியே பொருந்தும். வெட்ட வேண்டிய துண்டுகளைத் துணியில் நெருக்கமாக அடுக்கிக் காட்டும் மார்க்கர் சாஃப்ட்வேர் வாங்கித் துணி வேஸ்ட்டைக் குறைக்க நினைத்தால், முதலில் கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். பழகும் காலத்துக்குப் பழைய சராசரிக் கூலியை உறுதி செய்யுங்கள். மிச்சமாகும் துணியின் மதிப்பில் ஒரு பங்கு அவருக்கும் உதவியாளர்களுக்கும் போகட்டும். மிச்சத்தை உண்டாக்குவது அவர்களின் கை என்பதால், அந்தப் பங்கு அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

படி 5: இரண்டு லைன் சோதனை

மாற்றத்தை எல்லாத் தையல் லைனிலும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்றில் செய்து, இன்னொன்றை அப்படியே விடுங்கள். மாற்றிய லைனில் 100 பீஸுக்கு 20 யூனிட் 17 ஆனது, மாற்றாத லைனிலும் 20 என்பது 19 ஆனது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாற்றத்தால் வந்தது 3 அல்ல, 2. மீதி ஒன்று ஆர்டரின் ரகத்தாலோ வெயில் குறைந்ததாலோ வந்திருக்கும்.

படி 6: கணக்கின் எல்லையைப் பெரிதாக்குங்கள்

மிச்சம் சில நேரம் நாம் பார்க்காத இடத்தில் வரும். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய விளக்குகளை எல்இடியாக மாற்றியதை அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் ஆராய்ந்தார்கள். எல்இடி குறைந்த வெப்பத்தையே வெளிவிடும் என்பதால், வெயில் நாட்களில் தையல் வேகம் விழுவது பெருமளவு குறைந்தது. கரண்ட் பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதைவிடப் போட்ட பணம் பல மடங்கு சீக்கிரம் திரும்பியது. உங்கள் நோட்டில் மதியம் மூன்று மணி வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

செலவும் அப்படித்தான் இடம் மாறும். நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை இங்கே கட்டாயமானதும் நமக்குத் தெரியும். அது அவசியமான மாற்றம். ஆனால் அந்த முறையில் கழிவுநீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகள் ஏராளமான எரிசக்தியைக் குடிக்கின்றன, கலப்பு உப்பும் மிஞ்சுகிறது. தண்ணீர்க் கணக்கோடு எரிசக்திக் கணக்கையும் உப்புக் கணக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது.

படி 7: இப்போது சாஃப்ட்வேர்

மூன்று மாதம் நோட்டு விடாமல் எழுதப்பட்டு, வாரம் ஒரு முறை அதைப் பார்த்து ஒரு முடிவாவது எடுக்கிறீர்கள் என்றால் சென்சார் வாங்கலாம். விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: எங்கள் ரீடிங் முழுவதையும் எக்செல்லில் இறக்க முடியுமா? சந்தாவை நிறுத்தினால் பழைய தரவு எங்களிடம் இருக்குமா? திரை தமிழில் வருமா? கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்பவர் அதைப் படிக்க முடியாவிட்டால், அந்தத் திரை ஆபீஸ் அறைச் சுவரில்தான் தொங்கும்.