ஒரே குடுவையில் ஈஸ்ட்டும் ஈ.கோலையும்: கூட்டு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு நுண்ணுயிர்களைச் சேர்த்து வளர்க்கப் போகிறேன் என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதுக்கு என்ன சாப்பாடு?" என்றுதான். "ரெண்டுக்கும் குளுக்கோஸ்" என்று பதில் வரும். பெரும்பாலான சோதனைகள் அங்கேயே கெட்டுவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சத்தான மீடியத்தில் (வளர்ப்புக் கரைசலில்) ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஈஸ்ட்டுக்கு 90 நிமிடமாவது வேண்டும். இதே வேகத்தில் 10 மணி நேரம் போனால் ஈஸ்ட் நூறு மடங்காகும், ஈ.கோலை நூறு கோடி மடங்கைத் தாண்டும். அதற்கு வெகு முன்பே சர்க்கரை தீர்ந்துவிடும், தீர்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, ஈஸ்ட்டைக் கூடுதலாக விட்டுத் தொடங்கலாம் என்றால், அது குளுக்கோஸிலிருந்து உண்டாக்கும் எத்தனால் ஈ.கோலையை முடக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கிரிகரி ஸ்டெபனோபௌலோஸ் குழுவுக்கும் இதே சிக்கல் வந்தது. புற்றுநோய் மருந்தான டாக்சாலை நோக்கிய பாதையில், ஈ.கோலை டாக்சாடையீன் என்ற முன்பொருளைச் செய்து தர வேண்டும், ஈஸ்ட் அதில் ஆக்ஸிஜனைச் சேர்க்க வேண்டும். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் குளுக்கோஸை எடுத்துவிட்டு சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுத்தார்கள். அந்த ஈஸ்ட்டுக்கு சைலோஸ் ஆகாது. ஈ.கோலை அதைத் தின்று அசிட்டேட்டை வெளியே விட்டது. அசிட்டேட் தேங்கினால் ஈ.கோலைக்கே கெடுதல், ஈஸ்ட்டுக்கோ அதுதான் சாப்பாடு. எத்தனால் தொல்லையும் போனது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அடுத்த தவறு, ஓ.டி. அளவை, அதாவது வளர்ப்பு நீர் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை, மட்டும் நம்புவது. கலங்கல் எவ்வளவு என்றுதான் அது சொல்லும். எது எத்தனை என்று சொல்லாது. அதற்கு, கலவையில் கொஞ்சம் எடுத்து இரண்டு அகார் பிளேட்டில் பரப்பி, வளரும் புள்ளிகளை எண்ணுங்கள். சைக்ளோஹெக்சிமைடு போட்டதில் ஈஸ்ட் வராது, ஈ.கோலையை எண்ணலாம். குளோராம்பெனிக்கால் போட்டதில் ஈ.கோலை வராது, ஈஸ்ட்டை எண்ணலாம். உங்கள் ஈ.கோலையின் பிளாஸ்மிடில் (அதனுள் இருக்கும் தனி டி.என்.ஏ. வளையத்தில்) குளோராம்பெனிக்கால் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஒரு வாரக் கணக்கைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். சைக்ளோஹெக்சிமைடு நமக்கும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வெப்பநிலையில், ஈ.கோலைக்குப் பிடித்த 37 டிகிரியை விட்டு 30-க்கு இறங்குவதே நல்லது. ஈஸ்ட்டுக்கு அது தோது, ஈ.கோலையின் வேகமும் மட்டுப்படும்.

தனியாக நன்றாக வளரவில்லை என்று ஒரு உயிரை ஒதுக்குவதும் தவறு. 1970-களில் சீனாவில் உருவான வைட்டமின் சி தயாரிப்பு முறையில், சார்போஸ் என்ற சர்க்கரையை, வைட்டமின் சி-யின் முன்பொருளான கீட்டோகுலோனிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா தனியே விட்டால் சோர்ந்துவிடும். கூடவே பேசில்லஸ் மெகடேரியம் என்ற இன்னொரு பாக்டீரியா இருந்தால் நன்றாக வேலை செய்யும். பேசில்லஸ் அந்த அமிலத்தைச் செய்வதில்லை. துணைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். விளைபொருளை மட்டும் பார்த்து யாராவது அதை மாசு என்று நீக்கியிருந்தால்? அதனால் ஒவ்வொன்றையும் தனியாகவும், மற்றதன் வடிகட்டிய வளர்ப்பு நீரிலும் வளர்த்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக, நேற்றைய கலவையிலிருந்தே இன்றைக்கும், இன்றையதிலிருந்தே நாளைக்கும் எடுத்து ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு மாற்றலிலும் விகிதம் கொஞ்சம் நழுவும். இரண்டையும் தனித்தனிக் குழாய்களில், உறையும்போது செல்களைக் காக்கும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக எடுத்து, அளந்து கலக்குங்கள்.